ஜியோகிரிட் விரித்த அடித்தளம்: தாங்குதிறன் கணக்கும் அது தோற்கும் வழிகளும்

இளகிய களியில் ஃபுட்டிங், அதாவது தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட் அடித்தளம், போட வேண்டும். பைல் அடிக்கிற அளவுக்குக் கட்டடம் பெரிதில்லை. கட்டடம் முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போட்டால் கம்பிச் செலவு கையைக் கடிக்கிறது. அப்போதுதான் "கொஞ்சம் ஆழமாக வானம் தோண்டி, ஜல்லி நிரப்பி, நடுவில் ஜியோகிரிட் விரித்துவிடலாம்" என்ற யோசனை வரும். ஜியோகிரிட் என்பது மண்ணுக்குள் விரிக்கும், கண்கள் உள்ள பிளாஸ்டிக் வலை. நல்ல யோசனைதான். ஆனால் அடுத்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை கிலோநியூட்டன் கிரிட் வாங்கலாம்?" என்பதாக இருக்கும். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வகை அடித்தளத்தில் கிரிட் அறுவதற்கு முன்பே தோற்றுப்போக வேறு நாலைந்து வழிகள் இருக்கின்றன. உங்கள் மனையில் எந்த வழி முதலில் திறக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கிரிட்டின் வலிமை தானாகவே முடிவாகிவிடும்.

கிரிட் என்ன செய்கிறது

மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஃபுட்டிங் கீழே அழுத்தும்போது அதற்கு நேர் கீழே இருக்கும் மண் பக்கவாட்டில் நழுவப் பார்க்கிறது. நடுவில் கிரிட் இருந்தால், அதன் கண்களில் ஜல்லி சிக்கி, நழுவும் மண் கிரிட்டை இழுக்கிறது. கிரிட் திருப்பி இழுத்துப் பிடிக்கிறது. நடப்பது இவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, மண் சிறிதாவது நகர்ந்தால்தான் கிரிட்டில் இழுவை ஏறும் என்பது. மாதிரிச் சோதனைகளில் தாங்குதிறன் இரண்டு மூன்று மடங்கு கூடியதாகப் படிக்கிறோமே, அது உடையும் கட்டத்தில் வரும் கணக்கு. வீட்டுக்கு நாம் அனுமதிக்கும் 25, 40 மில்லிமீட்டர் இறக்கத்தில் அந்த ஆதாயம் மிகவும் சுருங்கிவிடும்.

களியின் வலிமையைக் கிரிட் கூட்டுவதில்லை. மேலே போட்ட ஜல்லியைச் சிதறவிடாமல் ஒரே பலகையாகக் கட்டிவைக்கிறது. அந்தப் பலகை சுமையைப் பரப்பிக் களியிடம் கொடுக்கிறது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

எப்படியெல்லாம் தோற்கும்

1960களில் பிரான்சில் ஆன்ரி விடால் இரும்புப் பட்டைகளை மண்ணுக்குள் அடுக்கிச் சுவர் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதே மாதிரிப் பட்டைகளை ஃபுட்டிங்குக்கு அடியில் வைத்துச் சோதித்துப் பின்கெட், லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1975இல் மூன்று தோல்விகளைப் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் அந்தப் பிரிவினைதான் அடிப்படை.

முதலாவது, மேல் கிரிட்டுக்கு மேலேயே உடைவது. ஃபுட்டிங்கின் அடிப்பக்கத்திலிருந்து முதல் கிரிட் வரையுள்ள ஆழம் ஃபுட்டிங் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், மண் அந்த இடைவெளிக்குள்ளேயே சறுக்கி வெளியே பிதுங்கிவிடும். கிரிட் கீழே பத்திரமாகக் கிடக்கும், ஒரு வேலையும் செய்திருக்காது. 1.2 மீட்டர் ஃபுட்டிங்குக்கு இந்த எல்லை 80 செ.மீ. "கிரிட்டைக் குழியின் அடியில் ஒரே ஒரு வரிசை போட்டால் போதும்" என்று சொல்லி 90 செ.மீ. ஜல்லி நிரப்பும் வேலைகள் இந்த வலையில்தான் விழுகின்றன. அகலத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை நல்ல இடம். அதற்காக 10 செ.மீ. ஆழத்தில் வைத்தாலும் பயனில்லை. மேலே அழுத்திப் பிடிக்க மண் போதாது, காம்பாக்டர் அதிர்வில் கிரிட்டும் கிழியும்.

இரண்டாவது உருவிக்கொள்வது. ஃபுட்டிங் ஓரத்துக்கு வெளியே கிரிட் போதிய நீளம் இல்லாமல், அல்லது மேலே மண் எடை இல்லாமல் இருந்தால், துணி உருவுவதுபோல் கிரிட் உள்ளே இழுபட்டுவிடும். வரிசை குறைவாகவும் நீளம் குட்டையாகவும் இருக்கும் இடத்தில் இது வரும்.

மூன்றாவது அறுபடுவது. நீளம் தாராளம், நாலு வரிசைக்கு மேல், மண் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் கிரிட் மட்டும் மெலிது என்றால் மேல் வரிசைகள் முதலில் அறும். இழுவை உச்சம் ஃபுட்டிங்குக்கு நேர் கீழே இருப்பதால் அறுபடுவதும் அங்கேதான், ஓரத்தில் தேடக்கூடாது.

பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் இரண்டைச் சேர்த்தன. வரிசைகளுக்கு இடையே அதிக இடைவெளி விட்டால் ஒவ்வொரு கிரிட்டும் தனித்தனியாகி, நடுவில் இருக்கும் ஜல்லி பிதுங்கும். இடைவெளியை அகலத்தில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது வழக்கம். எப்படியும் 30 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. மற்றொன்று களிக்காரர்களுக்கு மிக முக்கியமானது: ஜல்லியும் கிரிட்டும் சேர்ந்த மெத்தை முழுசாக, உடையாமலேயே, கீழிருக்கும் களிக்குள் குத்தி இறங்குவது. மெத்தை வலுவாகவும் களி இளகியும் இருக்கும்போது முதலில் வருவது இதுதான். இதற்கு எவ்வளவு வலுவான கிரிட் வாங்கினாலும் மருந்தில்லை. மெத்தையின் கனமும் சுமை பரவும் அகலமும்தான் மருந்து.

சுமை ஆழத்துக்குக் கடத்தப்படுவதற்கு ஆதாரமாக ஒரு சோதனையைச் சொல்லலாம். ஹுவாங், தட்சுவோகா என்ற ஆய்வாளர்கள் 1990இல் ஃபுட்டிங் அகலத்துக்கு மேல் ஒரு அங்குலம்கூட நீளாத பட்டைகளை மணலில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் தாங்குதிறன் கணிசமாகக் கூடியது. பட்டைகள் கட்டிவைத்த மண்ணே ஒரு ஆழமான ஃபுட்டிங் போல நடந்து, உடையும் இடத்தைக் கீழே தள்ளிவிட்டது. இதைப் படித்துவிட்டு நீட்டுவதே தேவையில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். அவர்கள் பார்த்தது மணல்; நம் கீழே இருப்பது களி.

படி 1: மண்ணைத் தெரிந்துகொள்வது

சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் போன்ற சதுப்பு ஓரங்களில் மேலே ஒரு மீட்டர் சவுடோ கட்டட இடிபாடோ கொட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே இளகிய களி இருக்கும். இங்கே எஸ்.பி.டி. எண்ணை (குழாயை மண்ணில் இறக்கத் தேவைப்படும் சுத்தியல் அடிகளின் எண்ணிக்கை) வைத்துக் களியின் வலிமையைச் சொல்வது கிட்டத்தட்ட ஜோசியம். எண் 2, 3 என்று வரும் மண்ணில் சுத்தியல் அடி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 4434 சொல்லும் வேன் ஷியர் சோதனையை, அதாவது சிறகுள்ள கம்பியைக் களிக்குள் செருகித் திருகிப் பார்ப்பதை, கேளுங்கள், அல்லது கலையாத மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மண் பார்க்கப் போடும் துளையின், அதாவது போர்ஹோலின், ஆழத்தையும் மாற்ற வேண்டும். சாதாரண ஃபுட்டிங்குக்கு அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் பார்ப்போம். மெத்தை போட்டால் சுமை கீழே இறங்கி அகலமாகிவிடுகிறது. அதனால் மெத்தையின் அடியிலிருந்து, அங்கே பரவியிருக்கும் அகலத்தின் இரண்டு மடங்கு பாருங்கள். கீழே வரும் உதாரணத்துக்கு அது தரைமட்டத்திலிருந்து 7 மீட்டருக்கு மேல் போகிறது. மழைக்காலத்து நீர்மட்டத்தையும் எழுதி வாங்குங்கள். மே மாதத்தில் போட்ட போர்ஹோல் நீர்மட்டம் நவம்பருக்கு உதவாது.

படி 2: மெத்தை இல்லாமல் முதலில் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு இப்படி எடுத்துக்கொள்வோம். தூண் சுமை, ஃபுட்டிங் எடையும் சேர்த்து, 450 கிலோநியூட்டன், அதாவது சுமார் 45 டன். ஃபுட்டிங் 1.8 மீட்டர் சதுரம், தரையிலிருந்து 1 மீட்டர் ஆழம். களியின் வடியாநிலை வெட்டு வலிமை (உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமில்லாதபோது களி சறுக்காமல் தாங்கும் அளவு) 30 கிலோபாஸ்கல்.

ஃபுட்டிங் கொடுக்கும் அழுத்தம் 450ஐ 3.24ஆல் வகுத்தால் 139 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 14 டன் சொச்சம்.

களியின் தாங்குதிறனுக்கு ஐ.எஸ். 6403 தரும் வழியில், வலிமையை 5.14ஆல் பெருக்க வேண்டும். வடிவக் காரணியாகச் சதுரத்துக்கு அந்தக் குறியீடு 1.3 கொடுக்கிறது, பாதுகாப்பாக 1.2 எடுப்போம். ஆழக் காரணி 1.11. ஆக 30 × 5.14 × 1.2 × 1.11 = 205 கிலோபாஸ்கல். பாதுகாப்புக் காரணி 3 என்றால் அனுமதிப்பது 68. தேவை 139, கிடைப்பது 68. பாதிகூட இல்லை.

இந்தக் கணக்கைத் தவிர்த்துவிட்டு நேராகக் கிரிட்டுக்குப் போகாதீர்கள். சில மனைகளில் ஃபுட்டிங்கை 30 செ.மீ. அகலப்படுத்தினாலே வேலை முடிந்துவிடும்.

கீழே இருப்பது களியாக இல்லாமல் தளர்ந்த மணலாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஐ.எஸ். 6403 அட்டவணையில் உராய்வுக் கோணம் (மண் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்பதன் அளவு) 30 டிகிரியில் மண் எடைக்கான தாங்குதிறன் எண் 22.4, 35 டிகிரியில் 48.03. ரோலர் வைத்து நன்றாக இறுக்கினாலே கோணம் அவ்வளவு ஏறக்கூடும், அப்போது அந்த எண் இரட்டிப்பாகிறது. கிரிட் விற்பவர் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்.

படி 3: மெத்தையின் கனம்

ஃபுட்டிங்குக்குக் கீழே 90 செ.மீ. களியை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புவோம். கிரிட் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில், மூன்று வரிசை. முதல் ஆழம் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. நல்ல இடம் என்று மேலே சொன்னதைவிடச் சற்று மேலே இருக்கிறது. 15 செ.மீ. கனமாக இறுக்கும்போது இரண்டு முறைக்கு ஒரு கிரிட் என்று வேலை சுலபமாக அமைவதால் 30ஐ எடுத்திருக்கிறோம்.

சுமை 2 செங்குத்துக்கு 1 கிடை என்ற சரிவில் பரவுவதாக எடுத்தால், 90 செ.மீ. ஆழத்தில் அகலம் 1.8 + 0.9 = 2.7 மீட்டர், பரப்பு 7.29 சதுர மீட்டர், அழுத்தம் 62 கிலோபாஸ்கல். எடுத்த களியைவிட நிரப்பிய ஜல்லி கனமானது. அந்தக் கூடுதலுக்கு 3 சேர்த்து 65 என்று வையுங்கள்.

அந்த ஆழத்தில் 2.7 மீட்டர் அகலத்துக்குக் களியின் தாங்குதிறன் 30 × 5.14 × 1.2 × 1.14 = 211. காரணி 3.2 வருகிறது. போதும்.

இதே பரவலை கிரிட் இல்லாத ஜல்லிக்கும் பலர் எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். வித்தியாசம் எங்கே என்றால், இளகிய களியின் மேல் கிடக்கும் வெறும் ஜல்லியின் அடிப்பகுதி காலப்போக்கில் பக்கவாட்டில் விரிந்து, களிக்குள் புதைந்து, நாம் எண்ணிய கனம் குறைந்துவிடும். கிரிட் அந்தக் கனத்தையும் பரவலையும் காப்பாற்றுகிறது. கிரிட் போட்டதால் 1க்கு 1 என்று தாராளமாகப் பரப்பிக் கணக்குக் காட்டினால், பெரிய அளவு சோதனை முடிவு கையில் இல்லாமல் ஏற்காதீர்கள்.

படி 4: கிரிட்டின் இழுவையும் உருவலும்

ஜல்லி பக்கவாட்டில் தள்ளும் விசையை ஒவ்வொரு கிரிட்டும் தன் பங்குக்குப் பிடிக்க வேண்டும். இறுகிய ஜல்லியின் உராய்வுக் கோணம் 38 டிகிரி என்றால் பக்கத்தள்ளல் விகிதம் 0.238. மேல் கிரிட் மட்டத்தில் சுமை 2.1 மீட்டர் சதுரமாகப் பரவி 102 கிலோபாஸ்கல். மேலே 1.3 மீட்டர் மண்ணின் எடை 23.4. மொத்தம் 125.4ஐ 0.238ஆலும் 0.3 மீட்டர் இடைவெளியாலும் பெருக்கினால், தேவையான இழுவை மீட்டருக்கு 9 கிலோநியூட்டன்.

இனி உருவல். ஃபுட்டிங் ஓரத்திலிருந்து கிரிட்டை 90 செ.மீ. நீட்டியதாக வையுங்கள். அதில் 15 செ.மீ. சுமை பரவும் பகுதிக்குள் போய்விடும். பிடிமானத்துக்கு மிச்சம் 75 செ.மீ. மேலும் கீழும் இரண்டு முகம், மண் எடை 23.4, உராய்வு 0.78, கிரிட்டுக்கும் ஜல்லிக்கும் உள்ள பிணைப்பு 0.8: பெருக்கினால் 21.9. காரணி 1.5ஆல் வகுத்தால் 14.6. தேவை 9தான். பிரச்சினை இல்லை.

இது கோடைக்காலத்துக் கணக்கு. நவம்பரில் நீர்மட்டம் தரைவரை ஏறினால் மண்ணின் பயனுறு எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். 1.3 மீட்டர் மண் 13 கிலோபாஸ்கல்தான் கொடுக்கும். உருவல் திறன் 8.1க்கு இறங்குகிறது, தேவை 8.2. கயிற்றின் மேல் நடப்பதுபோல் நிற்கிறது. அதனால் நீட்டலை 1.2 மீட்டராக்குவோம்: பிடிமானம் 1.05 மீட்டர், திறன் 11.4. இப்போது நிம்மதி. மெத்தையின் அகலம் 4.2 மீட்டர் ஆகிறது.

இந்தக் கணக்கில் கிரிட்டின் அறுவலிமை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மீட்டருக்கு 60 கிலோநியூட்டன் கிரிட்டை எடுத்து, தொய்வுக்கு (நீண்டகாலச் சுமையில் மெல்ல நீள்வதற்கு) 1.6, ஜல்லி குத்துவதற்கு 1.2, நாட்பட்ட சிதைவுக்கு 1.15 என்று வகுத்தாலும் 27 மிஞ்சுகிறது. உருவல் 11.4இலேயே நின்றுவிடுகிறது. 120 கிரிட் வாங்கினால் பணம்தான் இரட்டிப்பாகும், அடித்தளம் ஒரு இம்மியும் மாறாது. மாறாக, 2 சதவீத நீட்சியில் கிரிட் எவ்வளவு இழுக்கிறது என்ற எண்ணைக் கேளுங்கள். விறைப்பான பாலிப்ரொப்பிலீன் கிரிட்டில் அது அறுவலிமையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும். 30 கிலோநியூட்டன் கிரிட் 2 சதவீதத்தில் 10 கொடுத்தால் நம் தேவையான 9க்கு அதுவே போதும். பாலிப்ரொப்பிலீன் நீண்டகாலச் சுமையில் அதிகம் தொய்யும் என்பதால், நிரந்தரச் சுமைக்கு உற்பத்தியாளர் தரும் தொய்வு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பூச்சுப் பூசிய பாலியெஸ்டர் கிரிட்டுக்குப் போங்கள்.

இன்னொரு கணக்கு, களத்தில் யாரும் போடாதது. ஃபுட்டிங்கைச் சுற்றி மண் நிரப்பாமல் விட்டுவிட்டு மேலே தளங்களை ஏற்றினால், மேல் கிரிட்டுக்கு மேலே 30 செ.மீ. ஜல்லி மட்டும்தான் இருக்கும். 1.2 மீட்டர் நீட்டியும் உருவல் திறன், பாதுகாப்புக் காரணி எதுவும் இல்லாமலே, 7.1, முழுச் சுமைக்குத் தேவை 7.7. கடைக்கால் குழியை மழைநீர் தேங்கத் திறந்து போட்டுவிட்டு ரூஃப் கான்கிரீட் போடுவது வழக்கமாக இருக்கும் இடங்களில் இதை வரைபடத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள்: பிளிந்த் பீம் போடுவதற்கு முன் சுற்று மண் நிரப்பி இறுக்க வேண்டும்.

காம்பவுண்டு ஓரத் தூண்களுக்கு 1.2 மீட்டர் நீட்ட இடமே இருக்காது. அங்கே கிரிட்டை ஓரத்தில் மேல்நோக்கி மடித்து, அடுத்த வரிசை ஜல்லிக்கு மேல் 1 மீட்டராவது உள்ளே திருப்பிப் புதைக்க வேண்டும். தூண்கள் 4 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 4.2 மீட்டர் மெத்தைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். தனித்தனிக் குழி வெட்டுவதை விட்டுவிட்டு வரிசை முழுக்க ஒரே மெத்தையாகப் போட்டுவிடுவது மேல். கிரிட்டும் வெட்டுப்படாமல் ஓடும்.

படி 5: இறக்கம்

தாங்குதிறன் சரி என்றால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடம் இது. களியில் அப்படி இல்லை.

மெத்தைக்குக் கீழே 3 மீட்டர் களி, அதன் அமுங்கு குணகம் ஒரு கிலோபாஸ்கலுக்கு 0.0005 என்று வைப்போம். அந்தக் களியின் நடுவில் சுமை 4.2 மீட்டர் சதுரமாகப் பரவி 25.5 கிலோபாஸ்கல். இறக்கம் 0.0005 × 25.5 × 3 = 38 மில்லிமீட்டர். மெத்தை இல்லாமல் இருந்திருந்தால் தோண்டி எடுத்த அந்த 90 செ.மீ. களி மட்டுமே இன்னொரு 40 மில்லிமீட்டர் கொடுத்திருக்கும். இறக்கம் பாதியானது கிரிட்டால் வந்த புண்ணியம் என்று சொல்வார்கள். வந்தது களியை எடுத்ததால்.

ஐ.எஸ். 1904 இளகும் களியில் தனி ஃபுட்டிங்குக்கு 75 மில்லிமீட்டர் வரை விடுகிறது. ஆனால் அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே வித்தியாசம் தூண் இடைவெளியில் 0.0015 பங்குக்கு மேல் போகக்கூடாது. 4 மீட்டருக்கு அது வெறும் 6 மில்லிமீட்டர். 38 மில்லிமீட்டர் இறங்கும் மண்ணில், ஒரு தூணுக்கும் அடுத்ததற்கும் 6க்குள் வைப்பதுதான் உண்மையான சவால். எல்லா ஃபுட்டிங்கிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி அளவுகளைச் சரிசெய்யுங்கள். பாதிக் கட்டடத்துக்கு மெத்தை, பாதிக்கு இல்லை என்று மட்டும் செய்யாதீர்கள்.

படி 6: பொருள்

ஃபுட்டிங்குக்கு இருதிசைக் கிரிட் வேண்டும். தாங்குசுவருக்குப் பயன்படும் ஒருதிசைக் கிரிட்டைக் கொண்டுவந்து விரித்தால் குறுக்குத் திசையில் பிடிமானம் இருக்காது; சதுர ஃபுட்டிங் நாலு பக்கமும் தள்ளும். ஒருதிசைக் கிரிட்டின் கண்கள் நீளமாகச் சீப்புப்போல் இருக்கும், பார்த்தாலே தெரியும்.

கண்ணின் அளவு ஜல்லியோடு பொருந்த வேண்டும். நிரப்பும் பொருளின் நடுத்தர அளவைவிடக் கண் பெரிதாக இருந்தால்தான் கல் உள்ளே இறங்கிச் சிக்கும். 35 மில்லிமீட்டர் கண்ணுள்ள கிரிட்டுக்கு, 40 மில்லிமீட்டரிலிருந்து தூள்வரை கலந்த ஜி.எஸ்.பி. (சாலையின் அடிப்படுகைக்குப் போடும் கலப்பு ஜல்லி) நன்றாகப் பொருந்தும். ஒரே அளவு 40 ஜல்லி மட்டும் கொட்டினால் கல் கிரிட்டின் மேல் உட்கார்ந்து உருளும்.

ஒரே அளவு ஜல்லிக்கு இன்னொரு குறையும் உண்டு. களிக்கு நடுவே அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மாடி மழைநீர் எல்லாம் அதில் இறங்கித் தேங்கி, அடிக்களியை ஊறவைக்கும். கரிசலாக இருந்தால் ஊறி உப்பித் தூணையே தூக்கும். கலப்பு அளவுப் பொருளும், மெத்தைக்கு மேல் 30 செ.மீ. இறுக்கிய களியும், சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பட்டையும் கட்டாயம்.

பாலியெஸ்டர் கிரிட்டின் மேல் சுண்ணாம்போ புதுக் கான்கிரீட்டோ நேரடியாகப் படக்கூடாது, காரத்தில் அது சிதையும். கடலோரத்தில் இரும்புப் பட்டை வேண்டாம். தென்னை நார்த் துணி தற்காலிகப் பாதைக்கு அருமையான பொருள். சில வருடங்களில் மக்கிப்போவதால் ஃபுட்டிங்குக்கு உதவாது.

ஒரு ஃபுட்டிங்குக்கு அளவு: இறுகிய பொருள் 4.2 × 4.2 × 0.9 = 15.9 கன மீட்டர். தளர்ந்த கணக்கில் கால் பங்கு கூட்டினால் 700 கன அடி, அதாவது 7 யூனிட். கிரிட் மூன்று வரிசைக்கு 53 சதுர மீட்டர், துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மேல்மடிப்பு சேர்த்து 60. அடியிலும் பக்கங்களிலும் போட களியும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் நெய்யாத துணி (ஜியோடெக்ஸ்டைல்), சதுர மீட்டருக்கு 200 கிராம், 36 சதுர மீட்டர்.

படி 7: விரிப்பதும் இறுக்குவதும்

குழி 1.9 மீட்டர் ஆழம் வருகிறது. 1.5 தாண்டினாலே பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள் அல்லது முட்டுக் கொடுங்கள். கடைசி 20 செ.மீ. களியை ஜே.சி.பி. பல் படாமல் மண்வெட்டியால் எடுங்கள். இளகிய களியைக் கலைத்தால் அதன் வலிமை போய்விடும். காலால் மிதித்துச் சேறாக்கிய களியில் 30 கிலோபாஸ்கல் இருக்காது. தண்ணீரை ஒரு மூலையில் சம்ப் வெட்டி இறைத்துக்கொண்டே இருங்கள்.

ஜியோடெக்ஸ்டைலை விரித்து, அதன் மேல் அடிக் கிரிட். துண்டுக்குத் துண்டு 30 செ.மீ. மேல்மடிப்பு; சேறாக இருந்தால் 60. கையால் இழுத்து முறுக்கேற்றி, கம்பியை 'ப' வடிவில் வளைத்துக் குத்திப் பிடியுங்கள். இந்த இழுப்பில் சோம்பல் கூடாது. அரை மீட்டர் நீளத்துக்குள் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு அலை நின்றால், அந்த வளைவில் 4.4 மில்லிமீட்டர் நீளம் ஒளிந்திருக்கிறது. அதாவது 0.9 சதவீதம். நாம் கணக்கிட்டதே 2 சதவீத நீட்சிக்கு. அதில் பாதி அலையை நிமிர்த்தவே செலவாகிவிடும். அதுவரை கிரிட் இழுக்காது, ஃபுட்டிங் இறங்கும். சாய்வாக நின்று பார்த்தால் அலை தெரியும். தெரிந்தால் ஊசியைப் பிடுங்கி மறுபடி இழுங்கள்.

களியின் மேல் முதல் ஜல்லியை மட்டும் 30 செ.மீ. கனமாகக் கொட்டி, அதிர்வு இல்லாமல் உருட்டுங்கள். இங்கே அதிர்வு கொடுத்தால் களி தளதளவென்று மேலே பொங்கும். அதன்பின் 20 செ.மீ. தளர்வாகப் பரப்பி 15 செ.மீ. ஆக இறுக்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரப்பினால் கிரிட்டின் தளர்வு வெளியே தள்ளப்படும். 15 செ.மீ. ஜல்லி மூடாத கிரிட்டின் மேல் எந்த வண்டியும் ஏறக்கூடாது. அடர்த்தி, ஐ.எஸ். 2720 எட்டாம் பகுதி கனரக இறுக்கச் சோதனை தரும் உச்ச அடர்த்தியில் 97 சதவீதமாவது வரவேண்டும். மணல் மாற்றுச் சோதனையை (சிறு குழி தோண்டி, மணல் நிரப்பி அடர்த்தி அளப்பது) ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்திலும் ஒன்று எடுங்கள். நடுவில் ரோலர் தாராளமாகப் போகும். ஓரம்தான் ஏமாற்றும், உருவலைத் தடுக்கும் பிடிமானம் இருப்பதும் அந்த ஓரத்தில்தான்.

பிளேட் லோடு சோதனை போடும் பொறி

மெத்தை முடிந்ததும் 30 செ.மீ. இரும்புப் பிளேட்டை வைத்து, சுமை ஏற்றி இறக்கம் பார்க்கும் ஐ.எஸ். 1888 சோதனை எடுப்பார்கள். அறிக்கையில் அட்டகாசமான எண் வரும். நம்பாதீர்கள். 30 செ.மீ. பிளேட்டின் அழுத்தம் கீழே 60 செ.மீ. வரைதான் கணிசமாக இறங்கும். மெத்தையோ 90 செ.மீ. அந்தப் பிளேட் களியைப் பார்க்கவே இல்லை. முதல் கிரிட்கூட அதற்குத் தன் அகலத்தின் ஒரு மடங்கு ஆழத்தில், மூன்றில் இரண்டு பங்கு எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. அந்தச் சோதனை சொல்வது ஜல்லி நன்றாக இறுகியிருக்கிறது என்பதை மட்டுமே. அதற்காக எடுங்கள், எஸ்.பி.சி. (பாதுகாப்பான தாங்குதிறன்) சொல்ல எடுக்காதீர்கள். 75 செ.மீ. பிளேட் கொஞ்சம் மேல், அதுவும் இறக்கம் மாதக்கணக்கில் வளரும் களிக்குப் பதில் சொல்லாது.

தோற்றபின் அடையாளம் காண

ஃபுட்டிங் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் மண் பிதுங்கியிருந்தால், மேல் கிரிட்டுக்கு மேலேயோ வரிசைகளுக்கு இடையேயோ உடைந்திருக்கிறது. சுற்றிலும் பிதுக்கம் இல்லாமல் நேராக இறங்கி, ஃபுட்டிங்கைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டிருந்தால் குத்தி இறங்கியிருக்கிறது. ஓரத்தில் தோண்டிப் பார்த்துக் கிரிட்டின் முனை, வைத்த இடத்திலிருந்து உள்ளே போயிருந்தால் உருவல். மெதுவாக, மழைக்கு மழை இறங்கிக்கொண்டே போனால் அது உடைவே இல்லை, களி அமுங்குகிறது. மெத்தையைத் தோண்டிக் குற்றம் தேடி எதுவும் கிடைக்காது.

இதைப் பிரித்தறிய அளவு வேண்டும். பிளிந்த் மட்டத்தில் ஒவ்வொரு தூணிலும் ஒரு ஆணி பதித்து, மனைக்கு வெளியே அசையாத ஒரு புள்ளியை வைத்து, ஒவ்வொரு தளம் ஏறியதும் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியில் வாசிப்பு எடுங்கள். அதன்பின் இரண்டு மழைக்காலம் தொடருங்கள். பாதிச் சுமையிலேயே பக்கத்துத் தூண்களுக்கு இடையே 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிட்டால், 6க்கான இடம் பாதி தீர்ந்துவிட்டது. அந்தப் பகுதியில் சுவர்ப் பூச்சையும் டைல்ஸையும் நிறுத்திவைத்து, வாசிப்பு தணிகிறதா என்று பார்த்தபின் தொடங்குங்கள்.